மாப்பிள்ளையின் கால் கழுவ வேண்டிய ஆளுநருக்கு

தம்பி,

மகனைத் தம்பி என்று கூப்பிடுகிற ஊர்க்காரர் நாங்கள். இதை அமெரிக்காவில் உன் அலுவலகத்தில் யாராவது மெசினில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்தால், ஆளுநருக்கு ஒஸ்லோவில் ஓர் அண்ணன் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளட்டும், பரவாயில்லை. உனக்கு வரும் கடிதங்களை உனக்கு முன்னால் நாலு பேர் பிரித்து வாசிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் தமிழில் எழுதுவதென்று முடிவு செய்தேன். சனிக்கிழமைகளில் கட்டிலை விட்டு எழும்பமாட்டேன் என்று அடம்பிடித்த உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். எழுத்துக்கூட்டியாவது நீயே வாசி. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசித்தாலும் எனக்குப் போதும்.

போன கிழமை உன் அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தாள். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை, எனக்கு ஆங்கிலம் விளங்காது என்று நினைத்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கதைத்தாள். ஆளுநர் தன் தங்கை ஆரபியின் கல்யாணத்துக்கு வர விரும்புகிறார், ஓகஸ்டில் ஒரு சனி ஞாயிறு ஒதுக்கப் பார்க்கிறோம் என்றாள். நான் சந்தோசத்தில் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் விசயத்துக்கு வந்தாள். ஆரபி அனுப்பிய கல்யாண நிகழ்ச்சி நிரலில் மணமகளின் அண்ணன் மணமகனின் கால்களைக் கழுவுவார் என்று போட்டிருக்கிறதாம். அது கட்டாயமா என்று கேட்டாள். வேறு யாரும் செய்யலாமா, அல்லது கமரா இல்லாத ஓர் அறைக்குள் வைத்துச் செய்யலாமா என்று கேட்டாள். நவம்பரில் தேர்தல், அவர் இரண்டாம் முறை நிற்கிறார், ஆளுநர் ஒருவர் முழங்காலில் இருந்து இன்னொரு மனிதனின் காலைக் கழுவும் படம் எதிர்க்கட்சியின் கையில் கிடைத்தால் என்னவாகும் என்று உங்களுக்கே விளங்கும் என்றாள். இதெல்லாம் என் மகன் கேட்கச் சொன்னதா என்று கேட்டேன். தான் என்னோடு கதைப்பது ஆளுநருக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னாள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை. அவளுடைய வேலையை அவள் செய்கிறாள். அவள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. போன முறை நீ வந்தபோது கோயில் தேருக்கு வேட்டியோடு, மேலில் சட்டை இல்லாமல் வடம் பிடித்தாய். உன் அம்மா அந்தப் படத்தை உருகி உருகிச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினாள். ரொறன்ரோவில் இருக்கிற ஒன்றுவிட்ட மாமா அதை ஊரறியப் போட்டார். அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சியின் விளம்பரத்தில் நீ வெறும் மேலோடு வந்து நின்றாய், பின்னால் ஒரு பயங்கரமான மேளத்தோடு. நாங்கள் பக்தி என்று பார்த்த படத்தைப் பார்த்து ஒரு மாநிலம் பயந்துபோனது. உன் அம்மா ஒரு மாதம் கைப்பேசியைத் தொடவில்லை. ஆகவே அந்தப் பிள்ளைக்கு நான் குறை சொல்லவில்லை.

ஆனால் தம்பி, நீ முழங்காலில் நிற்பது புதிதா? போன வருசம் ஆறு பெருகியபோது நீ சேற்றில் முழங்காலில் நின்று மண்மூட்டை கட்டியதை ஐந்தாம் இலக்க ரயிலில் வெஸ்ட்லி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது கைப்பேசியில் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஆபிரிக்கப் பெடியனுக்கும் காட்டினேன். என்ரை மகன் என்றேன். அவன் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான், நம்பவில்லை என்று நினைக்கிறேன். அந்தப் படத்துக்கு அங்கே எவ்வளவு பாராட்டு. சேற்றில் முழங்காலில் நின்றால் ஓட்டு விழும், தங்கை மாப்பிள்ளைக்கு முன்னால் நின்றால் ஓட்டுப் போகும் என்றால், அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. நீ அரசியல்வாதி, உனக்குப் பிடிபடலாம்.

உன்னுடைய அரசியல் எங்கே தொடங்கியது என்று அங்கே உன்னைப் பற்றி எழுதுகிறவர்கள் பலவிதமாக எழுதுகிறார்கள். சட்டக் கல்லூரி என்கிறார்கள், ஏழைகளுக்காக வாதாடிய காலம் என்கிறார்கள். எனக்குத் தெரிந்த தொடக்கம் வேறு. பதினாறு வயதில் ஒரு வருசம் அமெரிக்காவில் படிக்கப் போகிறேன் என்று நின்றாய். அம்மா வேண்டாம் என்றாள், நான்தான் போகட்டும் என்றேன். பெரிய நகரம் ஏதாவது கிடைக்கும் என்று பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் சோளமும் பனியுமாக ஒரு பண்ணை வீடு கிடைத்தது. அந்த வீட்டுக் கிழவரின் முன்னோர் நோர்வேயிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். சாப்பாட்டுக்கு முன் அவர்கள் நோர்வேஜியத்தில் ஒரு செபம் சொல்வார்கள், அர்த்தம் ஒருவருக்கும் தெரியாது. நீ போன முதல் நாள் அவர்களோடு சேர்ந்து அதைச் சொல்லிவிட்டு, அர்த்தத்தையும் சொன்னாயாம். கிழவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாராம். அதை நீ எழுதியபோது நாங்கள் வாசித்துச் சிரித்தோம். எங்கள் பெடியன் போய் வெள்ளைக்காரனுக்கு அவனுடைய பாட்டன் மொழியைச் சொல்லிக் கொடுக்கிறான் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். அந்தக் கிழவர்தான் பிறகு உன்னைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார் என்பதும், மாதாகோயில் நிலவறைகளில் மீன் விருந்துக்கு வந்த கிழவர்கள் எல்லாரும் உன் நோர்வேஜியத்தைக் கேட்கவே உனக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதும் பிறகு நடந்த கதை. சிரித்தபோது எனக்கு அது தெரியவில்லை. ஒரு வருசம் என்று போன பிள்ளையை அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டோம் என்று இப்போது விளங்குகிறது.

நகரசபைக்கு நின்றாய், தோற்றாய், திரும்ப நின்று வென்றாய். மாநில செனட் சபைக்குப் போனாய். ஒவ்வொரு முறையும் நீ தோற்க வேண்டும் என்று உன் அம்மா கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள், தெரியுமா? தோற்றால் வந்துவிடுவான் என்று ஒரு கணக்கு. நகரசபையில் நீ தோற்ற அன்று அவள் உனக்குப் பிடித்த நண்டுக்கறிக்கு நண்டு வாங்க வெளிக்கிட்டாள். நீ வரவில்லை. தோற்றவன் ஊரை விட்டுப் போனால் அடுத்த முறை ஓட்டுக் கிடைக்காது என்றாய். ஆளுநர் தேர்தல் அன்று நானும் அவளும் விடிய விடிய இருந்து பார்த்தோம். மயிரிழையில் வென்றாய். உன் அம்மா எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். சந்தோசமா என்று கேட்டேன். "சந்தோசம்தான். இனி அவன் வரமாட்டான்" என்றாள்.

இங்கே எங்கள் ஆட்களுக்கு உன் பதவியை விளங்கப்படுத்துவது தனி வேலை. இலங்கையிலும் இந்தியாவிலும் ஆளுநர் என்றால் மேலிடம் நியமிக்கிறவர், மாலை போட்டுக்கொண்டு விழாவுக்கு வருகிறவர். ஆரபியின் மாப்பிள்ளை நவீன் திருச்சிப் பெடியன், இங்கே கணினி வேலைக்கு வந்தவன் என்பது உனக்குத் தெரியும். அவனுடைய அப்பா வீடியோவில் கதைத்தபோது, "கவர்னர்னா சும்மா கையெழுத்துப் போடுறவர்தானே சார்" என்று கேட்டார். இல்லை ஐயா, அங்கே சனம் ஓட்டுப் போட்டுத் தெரிவு செய்கிறது, சட்டத்துக்குக் கையெழுத்து வைக்கலாம், மாட்டேன் என்று திருப்பி அனுப்பலாம், பனிப்புயல் வந்தால் வீதியை மூடலாம், தூக்குத் தண்டனையைக்கூட நிறுத்தலாம் என்று நான் நீட்டி முழக்கினேன். அவர் அசந்துபோனார். அதற்குப் பிறகு உன்னைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் தன்னுடைய சட்டைக் கொலரைச் சரி செய்துகொண்டுதான் கேட்கிறார்.

இன்னொரு வேடிக்கை, உன் பெயர். எங்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, வெளிநாட்டுக்கு வந்த பிறகு தகப்பனின் பெயரைத்தான் பிள்ளைக்குப் பின்னால் போடுகிறோம். அமெரிக்கர்களுக்கு அது தெரியாது. அவர்கள் உன்னைப் பின்பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் நான் போயே பார்க்காத ஒரு மாநிலம் என்னைப் புகழ்கிறது, என்னை ஏசுகிறது. நீ வரி கூட்டியபோது சட்டசபை வாசலில் சனம் நின்று, வீட்டுக்குப் போ என்று என் பெயரை எழுதி மட்டை பிடித்தது. நான் வீட்டில்தான் இருந்தேன், பருப்புக்குத் தாளித்துக்கொண்டு. சிரித்தேன், பிறகு யோசித்தேன். உன்னை உன் பெயரால் கூப்பிட அங்கே யார் இருக்கிறார்கள்? அலுவலகத்தில் ஆளுநர், வெளியில் என் பெயர், வீட்டிலும் நீ தனி ஆள். ஒரு மனிதனுக்கு அவனுடைய பெயர் நாள் முழுக்கக் காதில் விழாமல் இருப்பது நல்லதில்லை. பெரிய பதவியில் இருக்கிறவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் தகப்பன் என்ற முறையில் சொல்கிறேன். தோற்றுப்போன எதிராளிக்கு நீயே தொலைபேசி எடுத்துக் கதை. கோபத்தில் எழுதியதை அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அனுப்பு. உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு சிநேகிதனையாவது பக்கத்தில் வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. உன் அம்மா உன் பேச்சுகளைச் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறாள், நீ என்ன சொல்கிறாய் என்பது அவளுக்கு முக்கியமில்லை. உன் கழுத்துப்பட்டி தளர்ந்திருந்தால் போதும், மெலிந்துவிட்டான் என்று புலம்பத் தொடங்குவாள், அன்று முழுக்க எனக்கும் சாப்பாடு இறங்காது.

உனக்கு நினைவிருக்காது. நான் முதலில் தனியாகத்தான் நோர்வேக்கு வந்தேன், நீ அப்போது அம்மாவின் வயிற்றில். உங்களை இங்கே எடுப்பிக்க எனக்கு வருசங்கள் பிடித்தன. விமான நிலையத்தில் நீ அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாய். வா என்று கை நீட்டினேன். அம்மாவைப் பார்த்து, "இந்த மாமா ஆர்?" என்று கேட்டாய். அன்று பேருந்தில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ என் மடிக்கு வரவில்லை. ட்வெய்ட்டாவில் அப்போதிருந்த வீட்டில், கிழமைக் கணக்காக, நான் வேலைக்குப் போகும்போது மாமா போயிட்டார் என்று அம்மாவிடம் சொல்வாயாம். பிறகு ஒரு நாள், பனியில் சறுக்கி விழுந்து எழும்பி, அம்மா பக்கத்தில் நிற்க, நேரே என்னிடம் ஓடி வந்தாய். அந்த நாளை நான் எந்தத் தேர்தல் வெற்றிக்கும் மாற்றமாட்டேன். நீ என்னோடு ஒரே வீட்டில் இருந்த காலம் அவ்வளவுதான், அந்த ஓட்டத்துக்கும் உன் பதினாறு வயதுக்கும் இடையில் இருந்தது. நீ அமெரிக்கக் குடியுரிமை எடுத்தபோது இந்த நாட்டின் சட்டம் அப்போது இருந்தபடி நோர்வே கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதை எடுத்துச் சொல்ல நீ தொலைபேசி எடுத்தாய். நல்லது தம்பி என்றேன். நல்லது என்று நான் நினைக்கவில்லை.

இனிக் கல்யாண விசயம். எங்கள் முறையில் மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன் செம்பில் தண்ணீர் வார்த்து அவன் காலைக் கழுவி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வருவான். மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரம் போடுவான். தோழன் என்று அவனுக்குப் பெயர். அவன் கூட்டி வராமல் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் காலெடுத்து வைப்பதில்லை. நவீன் வீட்டுக்கு இது புதிது. அவர்கள் பக்கம் பெண்ணின் அப்பாவும் அம்மாவும்தான் மாப்பிள்ளைக்குக் கால் கழுவுவார்களாம். உன் அலுவலகத்துப் பிள்ளை கதைத்ததை ஆரபி நவீனிடம் சொல்லியிருக்கிறாள், அவன் தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவர் வீடியோவில் எடுத்தார். "எங்க பக்கம் பொண்ணோட அப்பாதான் சார் பண்ணுவாரு. நீங்களே பண்ணிடுங்க. அவ்வளவு பெரிய பொறுப்புல இருக்கிற பையனை எதுக்குச் சங்கடப்படுத்தணும்" என்றார். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நவீனும் என் பக்கத்தில் இருந்து, "எனக்கும் அதான் மாமா நிம்மதி. ஒரு கவர்னர் என் காலக் கழுவினா எனக்கே கூச்சமா இருக்கும்" என்றான். நல்ல மனிதர்கள், தம்பி. உன்னைக் காப்பாற்ற அவர்கள் தங்கள் வழக்கத்தை எடுத்து நீட்டினார்கள். உன் அம்மாவுக்கும் அது நல்ல வழியாகப் பட்டது. இஞ்சாருங்கோ, ஓமெண்டு சொல்லுங்கோவன் என்று என் முழங்கையைத் தட்டினாள்.

நான் ஓம் என்று சொல்லவில்லை. எங்களுடைய முறையில் தகப்பன் செய்வதில்லை, சகோதரன்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகவும் சொல்லிவிட்டேன் போல. அவர் கொலரைச் சரி செய்துகொண்டு, சரி சார், உங்க இஷ்டம் என்றார். பிறகு அம்மா எழும்பிச் சமையலறைக்குள் போய்விட்டாள். ஆரபி மட்டும் வந்து பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து அண்ணா என்பது கைப்பேசிக்குள் இருக்கிற ஆள். "அப்பா, அண்ணா வராட்டி வேறை ஒருத்தரும் செய்ய வேண்டாம். நவீன் தானே நடந்து வரட்டும்" என்றாள். கல்யாணப் பெண் தன் அண்ணனை விட்டுக்கொடுக்கிற குரல் இல்லை அது, எனக்காகச் சொன்னாள். அவளுக்கு நான் ஏன் மறுத்தேன் என்று விளங்கிவிட்டது.

உனக்கும் சொல்லிவிடுகிறேன். முறை, வழக்கம் என்று நான் உயிரை விடுகிற ஆள் இல்லை. ஐயர் மந்திரத்தைப் பாதியாகக் குறைக்கிறேன் என்றார், சரி என்றேன். தாலிக்குத் தங்கம் உருக்கும் பொன்னுருக்கை வீடியோவில் காட்டினால் போதும் என்றார்கள், அதற்கும் சரி என்றேன். மண்டபம் நேரத்துக்கு மூடவேண்டும் என்று தாலி கட்டும் நேரத்தையே தள்ளி வைத்தோம், அதற்கும் தலையாட்டினேன். உன் சித்தப்பாவின் மகன் பக்கத்து ஊர் ட்ராம்மனில் இருக்கிறான், அவனும் ஆரபிக்கு அண்ணன் முறைதான். ஒரு வார்த்தை சொன்னால் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஓடி வருவான். அவனிடம் நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். எல்லாவற்றையும் விட்டுக் கொடுத்தவன் இந்த ஒன்றில் மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், இந்தக் கல்யாணத்தில் மற்ற எல்லா வேலைக்கும் ஆள் இருக்கிறது. நீ செய்ய வேண்டியது இது ஒன்றுதான். இதையும் நான் செய்துவிட்டால், நீ வராமலே எல்லாம் நடந்து முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன சொல்லி உன்னை வீட்டுக்குக் கூப்பிடுவேன்? எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் தம்பி. வழக்கம் என்பது ஒரு சாட்டு. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான், அதைச் சொல்லத்தான் இவ்வளவு பக்கம்.

கமராக்காரனிடம் கதைத்துவிட்டேன். நீ மாப்பிள்ளைக்கு முன்னால் குனியும்போது அவன் கமராவைக் கீழே வைத்துவிடுவான். வருகிற சனத்திடமும் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் எங்கள் சனம் உனக்குத் தெரியும், நான் வாக்குத் தரமாட்டேன். உன் பாதுகாப்புக்கு வருகிறவர்களுக்கும் சாப்பாடு இருக்கிறது, உறைப்புக் குறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு படத்தால் நீ தோற்றுப் போனால் அது என்னால் வந்ததாக இருக்கட்டும். தோற்க வேண்டும் என்று உன் அம்மா இந்த முறை நேர்த்தி வைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் கேட்பதெல்லாம் வருவானோ மாட்டானோ என்பது மட்டும்தான்.

உனக்கு முடியாமலும் இருக்கலாம். ஒரு மாநிலத்தைக் கையில் வைத்திருக்கிறவனுக்கு என் ஆசை ஒரு கட்டளை இல்லை. வரமுடியாது என்றால் நான் கோபிக்கமாட்டேன், நவீன் தானே நடந்து உள்ளே வருவான், கல்யாணம் நடக்கும். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பிள்ளையைக் கொண்டு சொல்லுவிக்காதே. நீயே தொலைபேசி எடு. இல்லை என்பதையாவது உன் குரலில் கேட்கிறேன்.

அப்பா